மலிவுத் துணியும் பக்கத்துக் கடையும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் அஸருக்குப் பின், எங்கள் மத்ரஸாவில் ஓதும் ஒரு சிறுவன் பாடம் கொடுத்து முடித்த பின்னும் எழுந்து போகாமல் நின்று கொண்டிருந்தான். "என்னப்பா, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "அம்மா கொடுத்துச்சு ஹஜ்ரத். பதில் வாங்கிட்டு வரச் சொல்லுச்சு" என்றான்.

அவனுடைய தாயாரை எங்கள் ஊரில் அநேகமாக எல்லாப் பெண்களும் அறிவார்கள். கணவர் மவுத்தாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. தையல் மெஷினை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. பெண்களுக்கான தொழுகை அங்கி, உள்பாவாடை, தலையணை உறை, பிறந்த பிள்ளைகளுக்கு ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த சிறு மெத்தை, போர்வை என்று தைத்து விற்கிறார். துணியெல்லாம் கடைத்தெருவில் இருக்கும் ஜவுளிக்கடை ஒன்றிலிருந்துதான் வாங்கி வந்திருக்கிறார். இப்போது அவருடைய தம்பிக்கு ஈரோட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வாரந்தோறும் கூடும் அப்துல் கனி ஜவுளிச் சந்தையில் அதே பாப்ளின் துணி மீட்டருக்கு 22 ரூபாய் குறைவாகக் கிடைப்பதாகத் தம்பி சொல்கிறார். மாதத்திற்கு ஏறக்குறைய 100 மீட்டர் வாங்குகிறார். கணக்குப் போட்டால் 2,200 ரூபாய் மிச்சம். அது இரண்டு பிள்ளைகளுடைய பள்ளிக்கூட வேன் கட்டணம்.

இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் அந்தச் சகோதரி எழுதியிருந்த வரிகள்தாம் என்னை யோசிக்க வைத்தன. "நான் இத்தாவில் இருந்த நாலு மாசம் பத்து நாளும் கடை மாமா ஒரு வார்த்தை கேட்காமல் துணி கொடுத்து அனுப்பினார். அந்தக் கடனிலேயே இன்னும் 4,600 ரூபாய் பாக்கி நிற்கிறது. இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று நான் ஈரோட்டுக்குப் போனால் அது துரோகமா? மார்க்கத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது?"

தலாக்கைப் பற்றியும், பாகப்பிரிவினையைப் பற்றியும், தங்கத்திற்கு ஜகாத் எத்தனை என்பதைப் பற்றியும் நம்மிடம் தினமும் கேள்வி வருகிறது. நான் எங்கே துணி வாங்குவது என்று மார்க்கத்தைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற இத்தகைய பெண்களின் உள்ளத்தில்தான் அல்லாஹ் இப்படிப்பட்ட அச்சத்தைப் போட்டிருக்கிறான். அந்தச் சிறுவனிடம் உடனே பதில் கொடுத்தனுப்ப எனக்கு முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டுக் கிதாபுகளைப் புரட்ட உட்கார்ந்தேன்.

சட்டம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் பதில் இரண்டு நிமிட வேலை. வியாபாரம் என்பது இரு தரப்பாரும் மனம் ஒப்பிச் செய்துகொள்வது என்று திருமறையின் நான்காவது அத்தியாயம் 29-வது வசனம் விதித்திருக்கிறது. விற்பவருக்கு வாங்குபவர் அடிமையல்லர். முந்திய நாள் ஒரு கடையில் வாங்கினோம் என்பதற்காக மறுநாளும் அங்கேயே வாங்கியாக வேண்டும் என்று எந்த மத்ஹபிலும் எந்த இமாமும் எழுதி வைக்கவில்லை.

சொல்லப்போனால், மலிவை நாடுகிறவர்களின் பக்கமே ஹதீஸ் சாய்கிறதோ என்று எண்ணும்படியும் ஓர் இடம் இருக்கிறது. கிராமத்திலிருந்து சரக்குக் கொண்டு வருகிறவரை ஊர்க்காரர் ஒருவர் மறித்து, "இப்போது விற்காதே, என்னிடம் விட்டு வை, விலை ஏறியபின் நான் விற்றுத் தருகிறேன்" என்று தரகு பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள், அல்லாஹ் சிலரைக் கொண்டு சிலருக்கு ரிஸ்கு அளிக்கிறான் என்ற கருத்தில் அவர்கள் அதற்குக் காரணமும் அருளினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதன் பொருளென்ன? வெளியூர்ச் சரக்கு மலிவாக வந்து இறங்கினால் ஊர் ஜனங்கள் அதை மலிவாகவே வாங்கிக்கொள்ளட்டும். உள்ளூர் வியாபாரியின் லாபத்திற்காக அந்த மலிவை மறைத்து வைக்க வேண்டாம் என்பதுதானே! மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைக் கட்டுப்படுத்துங்கள் என்று மக்கள் வந்து வேண்டியும் பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. எவருக்கும் அநீதி இழைத்தவனாக அல்லாஹ்வைச் சந்திக்க நான் விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறிய மறுமொழியின் கருத்து. உள்ளூர்க்காரர் என்பதற்காக எந்த வியாபாரியும் ஊர் மக்களுடைய பணப்பையின் மீது உரிமை கொண்டாட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், உள்ளூர்க் கடைக்கே ஆதரவு தாருங்கள் என்று ஜும்ஆவில் பேசும்படி வியாபாரிகள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நான் மிம்பரை அதற்கு வாடகைக்கு விடுவதாக இல்லை.

ஆனால் அந்தச் சகோதரி கேட்டது ஆகுமா ஆகாதா என்பதையல்ல. துரோகமா என்று கேட்டார். முன்னதற்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. பின்னதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த மீட்டருக்கு 22 ரூபாய் என்பதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பெரியத்தா இரவு இரண்டரை மணிக்கு மவுத்தானார்கள். காலை பத்து மணிக்குள் நல்லடக்கம் செய்துவிட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். கஃபனுக்குத் துணி வேண்டும். நான் போய் அதே கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். யார், என்ன என்று உள்ளிருந்து ஒரு கேள்வி இல்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது எதற்கு என்று அவருக்குத் தெரியும். சாவிக்கொத்தோடு வெளியே வந்து, "யாரு ஹஜ்ரத், பெரியத்தாவா? இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார். கடையின் ஷட்டரைத் தூக்கி, பெரியத்தாவின் உயரத்தை மனதிலேயே அளந்து, ஆண்களுக்குரிய மூன்று துணிகளுக்கும் கணக்காகக் கிழித்து மடித்துக் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தில் பணம் எடுத்து வர மறந்து போயிருந்தேன். "போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அன்றைக்குக் குளிப்பாட்டிய இடத்தில் தண்ணீர் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஈரோட்டுச் சந்தை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இரவு இரண்டரை மணிக்கு எங்கள் தெருவுக்கு வராது. கைப்பேசியில் ஆர்டர் கொடுத்தால் துணி வந்து சேர மூன்று நாளாகும். மய்யித் மூன்று நாள் காத்திருக்காது. அந்த ஒரு இரவுக்காக மற்றப் பகல்களிலெல்லாம் அந்தக் கடை திறந்திருக்க வேண்டும். பகலில் நாலு பேர் பாப்ளினும் லுங்கியும் வாங்கினால்தான் இரவில் கஃபனுக்குத் துணி இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது நம் கண்ணில் படுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் தொடக்கத்தில், கல்வியைப் பற்றிய பகுதியிலேயே ஒன்றை எடுத்துச் சொல்கிறார்கள். மருத்துவமும் கணக்கும் போலவே விவசாயம், நெசவு, தையல் முதலிய தொழில்களின் அடிப்படைகளும் ஃபர்ளு கிஃபாயாவைச் சேர்ந்தவை; ஓர் ஊரில் இரத்தம் குத்தி எடுப்பவர் ஒருவர்கூட இல்லையென்றால் அவ்வூரார் தங்களை அழிவுக்கு உள்ளாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் கருத்து. ஒருவர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள கடமை நீங்கும்; ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஜனாஸா தொழுகைக்கு நாம் ஓதிக் கொடுக்கும் அதே சட்டம்தான்.

இதை வைத்து, உள்ளூர் ஜவுளிக்கடையில் துணி வாங்குவது ஃபர்ளு கிஃபாயா என்று நான் ஃபத்வா கொடுத்துவிட்டதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். தொழிலைச் செய்வது கடமை என்றார்கள் இமாம் அவர்கள். குறிப்பிட்ட ஒருவரிடம் வாங்குவதை அல்ல. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஊருக்கு ஒரு கடை தேவை என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதைத் திறந்து வைத்திருக்கும் பாரத்தை மட்டும் "வேறு யாராவது அங்கே வாங்கிக்கொள்வார்கள்" என்று அடுத்த வீட்டார் தலையில் ஏற்றினால், அந்த அடுத்த வீட்டாரும் அப்படியே நினைத்தால்? எங்கள் கடைத்தெருவில் நான் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் மூன்று ஜவுளிக்கடைகள் இருந்தன. இன்றைக்கு இருப்பது ஒன்று. மற்ற இரண்டையும் மூடும்படி எவரும் தீர்மானம் போடவில்லை. நாம் ஒவ்வொருவரும் நமக்கு ஆகுமான ஒன்றைத்தான் செய்தோம்.

இதைவிடக் கசப்பான ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையில் ரொக்கம் இருக்கும்போது வண்டி பிடித்து வெளியூருக்குப் போகிறோம். கையில் காசு இல்லாதபோது உள்ளூர்க் கடைக்குப் போய், "நோட்டுல எழுதிக்குங்க மாமா" என்கிறோம். சவூதியிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பணம் வந்த வாரத்தில் கடைத்தெருப் பக்கமே தலை காட்டுவதில்லை. பணம் வரத் தாமதமான மாதத்தில் அதே கடைக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். ரொக்கமெல்லாம் அங்கே, கடனெல்லாம் இங்கே! பிறகு, "அவன் விலை ஜாஸ்தி சொல்றான்" என்று குறையும் பேசுகிறோம். விலை ஏன் அதிகமாயிருக்கிறது? நாம் ஆறு மாதம் இழுத்தடித்த பாக்கி அதற்குள் இருக்கிறது. அவர் மொத்தக் கடையில் சரக்கெடுத்தால் குறித்த நாளில் பணம் கட்டியாக வேண்டும். அங்கே இவருக்கு நோட்டு இல்லை.

கடனுக்கு விற்கும்போது ரொக்க விலையைவிடச் சற்றுக் கூட்டி விற்பது, விலையை முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டால், நம் ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் ஆகும். அது வட்டியல்ல. நாள் தள்ளிப் போகப் போகத் தொகையை ஏற்றுவதுதான் வட்டி. எங்கள் கடைக்காரர் அப்படி ஏற்றுகிறவரல்லர். ஆனால் வசதியிருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரியில் இருக்கிறதே, அதை நாம் பேங்குக் கடனுக்கும் நிலத் தகராறுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். ஜவுளிக்கடை நோட்டில் ஏறிய 800 ரூபாயும் கடன்தான். மய்யித்தின் சொத்தைப் பங்கு வைக்கும்போது முதலில் அடைக்க வேண்டிய கடன்களின் வரிசையில் அந்த 800 ரூபாயும் நிற்கும். வாரிசுகள் எத்தனை பேர் அந்த நோட்டைப் போய்க் கேட்டிருக்கிறோம்?

ஆக, பாக்கி வைத்துக்கொண்டு ரொக்கத்தை வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது, அதைத்தான் நான் துரோகம் என்று சொல்வேன். மலிவான இடத்தில் வாங்குவதை அல்ல.

இன்னொன்றும் உண்டு. புதுப் பழக்கம். கடைக்குள் போய் உட்கார்ந்து பத்து தான் துணியை இறக்கச் சொல்லி விரித்துப் பார்ப்பது. இது துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா, பன்னா எத்தனை, அங்கி ஒன்றுக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று அவர் முப்பது வருடத்தில் கற்றதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது. அவர் உள்ளே திரும்பிய நேரத்தில் கைப்பேசியில் துணியைப் படம் பிடித்துக்கொள்வது. பிறகு, "வீட்டுல கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்து வந்து, வெளியே நின்று அதே துணிக்கு வேறிடத்தில் ஆர்டர் போடுவது. வாங்கும் எண்ணத்தோடு போய், விலை ஒத்துவராமல் திரும்பினால் குற்றமில்லை. அதற்குத்தானே பேரம்! ஆனால் வாங்குவதில்லை என்று வாசலிலேயே தீர்மானித்துவிட்டு வாங்குகிறவர் போல் நடிப்பது பொய்தான். நாவால் சொல்லாததனால் அது பொய்யில்லை என்று ஆகிவிடாது. அவருடைய நேரத்தையும் அறிவையும் விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகிறோம். துணியை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் போனால் திருடன் என்போம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் இடைச்செருகல். மலிவு மலிவு என்று போகிற எல்லோரும் மலிவாக வாங்கி வருவதுமில்லை. மீட்டர் விலை குறைவாயிருக்கும். விரித்துப் பார்த்தால் பன்னா 36 அங்குலம். உள்ளூரில் வாங்குவது 44 அங்குலம். அங்கி தைக்க எத்தனை மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும் என்பதைத் தையல் தெரிந்த பெண்கள் சொல்வார்கள். கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்களின் கதையோ தனி. எட்டு வருடங்களுக்கு முன் என் தங்கையின் நிக்காஹுக்கு நாங்களும் சென்னை தியாகராய நகருக்குப் போனோம். வேனில் பதினான்கு பேர். வேன் வாடகை, வழியில் காலைப் பசியாறல், மதியம் பிரியாணி, திரும்பும்போது பிள்ளைகள் கேட்ட விளையாட்டுச் சாமான். ஜவுளியில் மிச்சப்படுத்திய தொகையை என் மச்சான் ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மற்றதை ஒருவரும் கூட்டவில்லை. கூட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிக்காஹ் அன்று எங்கள் ஜவுளிக்கடைக்காரர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையை முஸாஃபஹா செய்யும்போது அவருடைய சட்டைத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒரு தரம் நெருடிப் பார்த்தார். தொழில் பழக்கம். என் பக்கம் திரும்பினார். நல்ல துணி என்று மட்டும் சொன்னார். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு வியாபாரிகள் மகிழ்ந்துபோக வேண்டாம். அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது.

ஸஹாபாப் பெருமக்களில் ஜவுளி வியாபாரம் செய்தவர்கள் உண்டு. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற மறுநாள் காலையிலும் தோளில் துணிகளைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள்; வழியில் உமர் (ரலி) அவர்கள் சந்தித்து, மக்களின் காரியத்தைப் பார்ப்பது யார் என்று கேட்டபின்தான் பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்குச் செலவுக்கு வகை செய்யப்பட்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டுத்துணி வணிகர். எனவே இந்தத் தொழிலுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் அந்தக் கௌரவம் கடைப் பலகைக்கு வந்ததல்ல. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் நடத்தைக்கு வந்தது.

பஸராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற தாபிஈ ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர்களிடம் 400 திர்ஹம் விலையுள்ள உடையும் உண்டு, 200 திர்ஹம் விலையுள்ளதும் உண்டு. தம் சகோதரர் மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத் தொழப் போயிருந்த சமயத்தில் ஒரு கிராமத்து அரபி வந்து 400 திர்ஹமில் ஓர் உடை கேட்க, பையன் 200 திர்ஹம் உடையைக் காட்டினான். அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. 400 கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். வழியில் அவர் கையிலிருந்த துணியைப் பார்த்த யூனுஸ் (ரஹ்) அவர்கள் விலையைக் கேட்டறிந்து, இது 200-க்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவுதான் என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைக்குக் கூட்டி வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்துப் பையனையும் கண்டித்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளைக் கூறும் பகுதியில் இதை எடுத்துரைக்கிறார்கள்.

"ஊருக்குள் வேறு கடை இல்லை, என்னிடம்தானே வந்தாக வேண்டும்" என்று பெருநாளைக்கு முந்திய வாரத்தில் விலையை ஏற்றுகிறவருக்கும், போன வருடம் விற்காமல் கிடந்ததைப் புதுச் சரக்கென்று தள்ளிவிடுகிறவருக்கும், நம் ஆதரவைக் கேட்க என்ன முகம் இருக்கிறது? அதே பகுதியில் இமாம் அவர்கள் வாங்குகிறவருக்கும் ஒரு வழி காட்டுகிறார்கள். விற்பவர் ஏழையாகவோ நலிந்தவராகவோ இருந்தால், விலை கூடுதலென்று தெரிந்தே வாங்கிக்கொள்வது இஹ்ஸான் எனும் நற்செயலாகும். ஆனால் விற்பவர் தேவைக்கு மேல் லாபம் தேடும் பணக்கார வியாபாரியாக இருந்தால், அவரிடம் ஏமாந்து கூடுதல் கொடுப்பதில் புகழும் இல்லை, நன்மையும் இல்லை. அது பொருளை வீணாக்குவதேயாகும். இந்தப் பாகுபாட்டைப் படித்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. உள்ளூர்க் கடை, வெளியூர்க் கடை என்று பார்ப்பதே தவறான பார்வை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கும் நமக்கும் இடையில் என்ன இருக்கிறது, நம் கையில் என்ன இருக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்?

நம் கையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். மாதம் ஒரு லட்சம் வருகிற வீட்டில் மீட்டருக்கு 22 ரூபாயை மிச்சம் பிடிக்க அலைவதும், தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் அதை மிச்சம் பிடிக்க நினைப்பதும் ஒன்றாகாது. செலவழிப்பதை உன் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கு என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. பிள்ளைகளின் வேன் கட்டணத்தை எடுத்துக் கடைக்காரருக்கு இஹ்ஸான் செய்யும்படி அந்தச் சகோதரியை மார்க்கம் ஏவவில்லை. அவர் செய்ய வேண்டிய இஹ்ஸானை அல்லாஹ் என் போன்றோர் மீது சுமத்தியிருக்கிறான். ஒரு வருடத்தில் எனக்கு வேண்டியது இரண்டு ஜுப்பாவுக்கும் பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்கும் துணி. அதில் நான் இழக்கப்போவது சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்கத்தான் நான் தியாகராய நகர்வரை போனேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்தச் சிறுவன் வந்தான். நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஈரோட்டில் வாங்குவது உங்களுக்கு ஆகும், துரோகம் இல்லை. ஆனால் வாங்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பாக்கி 4,600 ரூபாயை மிச்சமாகும் பணத்திலிருந்து முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே அடைத்துவிடுங்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்பதற்காக அது கடனல்லாமல் போகாது. இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். உங்கள் அண்ணனையோ பெரியவர் ஒருவரையோ துணைக்கு வைத்துக்கொண்டு நேரில் போய், இந்த விலைக்குக் கிடைக்கிறது, எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். அதே விலைக்குத் தர அவருக்கு வழியிருந்தால் அவரே தரட்டும். வழியில்லையென்றால் அவர் மனத்தில் உங்களைப் பற்றிச் சந்தேகம் இல்லாமலாவது இருக்கும்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளூரப் பயம்தான். உண்மையைச் சொல்வது எழுத்தில் சுலபம். கடைப்படியில் நின்று சொல்வது அவ்வளவு சுலபமல்ல. பின்னர் சிறுவன் வாயிலாகவும், பிறகு கடைக்காரரிடமிருந்தே நேரிலும் தெரிந்துகொண்டது இது. அந்தச் சகோதரி தன் அண்ணனோடு போய்ச் சொல்லியிருக்கிறார். கடைக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "சரிம்மா, உன் சௌகரியம்" என்று மட்டும் சொன்னாராம். மூன்று வாரம் அந்தச் சிறுவன் கடைப்பக்கம் போனால் பேச்சுக் கொடுக்கவில்லை. மஸ்ஜிதில் என்னையும் பார்த்தும் பாராதது போலத்தான் இருந்தார். பதில் எழுதியது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அவருடைய கடைக்குப் போய் ஜுப்பாவுக்குத் துணி எடுத்தேன். விலை பேசவில்லை. அதையும் அவர் கவனித்தார். "நீங்க பேரம் பேசாம எடுத்தா எனக்கு மனசு உறுத்துது ஹஜ்ரத்" என்று பத்து ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

நான்காவது வாரம் அந்தச் சகோதரி பாக்கியில் முதல் 1,500 ரூபாயைப் பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை நோட்டில் வரவு வைத்துக்கொண்டு அவர் பையனிடம் கேட்ட முதல் கேள்வி, ஈரோட்டுத் துணியின் பன்னா எத்தனை என்பது. அடுத்து, லாரி ஆபீசில் பார்சலுக்கு என்ன வாங்குகிறார்கள் என்பது. இப்போது அவருடைய தம்பி சந்தையில் எடுக்கும்போது கடைக்கும் சேர்த்து வெள்ளைப் பாப்ளின் நாலு தான் எடுத்து அனுப்புகிறார். பார்சல் கூலி பாதிப் பாதி. நூல், லைனிங் துணி, பட்டன், கட் பீஸ் எல்லாம் அந்தச் சகோதரி இன்றும் அவரிடமே வாங்குகிறார். பூப்போட்ட துணி மட்டும் ஈரோட்டிலிருந்து வருவது அவருக்குப் பிடிக்கவில்லையாம். சாயம் நிற்காது என்கிறார். அந்தச் சகோதரி நிற்கும் என்கிறார். அது இன்னும் தீரவில்லை.